வளவுக்குள் ஐந்து ஆண்டுகள்

மழலையர் வகுப்போடு பள்ளியை விட்ட என் மகள், ஐந்து ஆண்டுகள் வீட்டிலேயே படித்துவிட்டு, இந்த ஆண்டு ஜூன் மாதம் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். எட்டு வயதாகும் அவள் தம்பி இன்னும் வீட்டில்தான் படிக்கிறான். முன்பு எங்களைப் பார்த்தவர்கள் பிள்ளைகளை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்டார்கள். இப்போது ஒருத்தியை மட்டும் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் நின்றுகொண்டு இரண்டுக்கும் விடை சொல்ல முடியாது என்பதால், சிறு பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் சென்னையில் இருந்தோம். மகளுக்கு ஐந்தரை வயது, மகனுக்கு மூன்றைத் தாண்டியிருந்தது. இ-பாஸ் வாங்கிக்கொண்டு, செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் கணவரின் ஊருக்கு வந்து சேர்ந்தோம். நான்கு மாதம் தங்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். மகளின் பள்ளி கைபேசி வழியே வகுப்பு நடத்தியது. நாற்பது குழந்தைகளின் முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரியும். மைக்கை அணைத்து வைக்கும்படி ஆசிரியை சொல்வார். நாற்பது வீட்டுச் சத்தமும் ஒன்றாக வந்தால் அவரும் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில், ரசம் வேண்டும் என்பதற்காக என் மகள் கையை உயர்த்திக்கொண்டு, நான் திரும்பிப் பார்க்கும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். காலையில் எழுந்தது முதல் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவள். அந்தக் கையைப் பார்த்த அன்றுதான் வகுப்பை நிறுத்துவது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று மீண்டும் திறந்தபோது, அவளை அனுப்பாமல் வீட்டிலேயே தொடர்ந்தோம்.

முதல் ஆண்டு நான் செய்தது எல்லாமே தவறு என்று இப்போது சொல்வேன். தேக்குத் தூணில் பாடவேளை அட்டவணை ஒட்டினேன். பூசை அறையிலிருந்த சிறு மணியை எடுத்து நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடித்தேன். சிவப்புப் பேனா வாங்கி வைத்துப் பிழைகளைச் சுழித்தேன். ஒரு மாதத்தில் இரண்டு பிள்ளைகளும் என்னைக் கண்டால் இரண்டாம் கட்டுக்கு ஓடத் தொடங்கினார்கள். என் மாமியார், பிள்ளைகளுக்கு அப்பத்தா, பல நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் கேட்டார்கள்: "பள்ளிக்கூடம் வேணாம்னுதானே நிப்பாட்டினே? அப்புறம் எதுக்குத்தா மணியடிச்சுக்கிட்டு இருக்கே?" எனக்குக் கோபம் வந்தது. அன்று இரவு படுத்தபின் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிப்பதற்காக ஏற்பட்ட ஒழுங்கை, இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எதற்காகத் திணித்தேன் என்பதற்கு, அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த முறை என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

மணி பூசை அறைக்குத் திரும்பியது. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் புத்தகம், எழுத்து, கணக்கு என்று வைத்துக்கொண்டோம். மீதி நேரம் வீடும் ஊரும்தான். இரண்டு மணி நேரம் போதுமா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்: ஆறு, ஏழு வயதில், பக்கத்தில் ஒருவர் முழுக் கவனத்தோடு உட்கார்ந்திருந்தால், அது போதும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத்தான் முதுகெலும்பாக வைத்துக்கொண்டோம். வேறு விலையுயர்ந்த பாடத்திட்டம் எதையும் வாங்கவில்லை.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடே பிள்ளைக்குக் கற்றுத்தருவதை நான் கண்ணால் பார்த்த இடம் அது. மூன்றாம் வகுப்புப் பின்னங்கள் என் மகளுக்குப் பிடிபடவில்லை. வட்டத்தை நான்காக வெட்டி ஒன்றில் வண்ணம் தீட்டுவாள். காலும் காலும் சேர்ந்தால் என்ன என்று கேட்டால் விழிப்பாள். என் மாமனார், பிள்ளைகளுக்கு ஐயா, அடுப்படிப் பரணிலிருந்து பழைய அளவைகளை இறக்கிக் கொடுத்தார். ஒரு படி, அதில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி. வீட்டின் நடுவே முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவில் ஒரு சாக்கை விரித்து, ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டி, இருவரையும் அளக்க விட்டார். அரை, கால், அரைக்கால் என்ற சொற்களை அவர் சொல்லச் சொல்ல, அவள் கையில் உரியும் உழக்கும் ஆழாக்கும் இருந்தன. அரைக்காலில் பாதி வீசம் என்றார். அதற்கு ஒரு பாத்திரம் இல்லை என்றதும், ஆழாக்கில் பாதி உயரத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டாள். பத்து நாளில் அவள் பின்னங்களைக் கூட்டினாள்.

பதினோராம் நாள், "ஐயா, மூணுல ஒண்ணு எந்தப் பாத்திரம்?" என்று கேட்டாள். அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் மூன்றில் ஒன்று ஒருபோதும் வராது. நம் பழைய பின்ன வாய்பாட்டில் இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி என்று எவ்வளவு நுணுக்கமாகப் போனாலும், 320ஐ மூன்றால் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்பதால், அங்கேயும் அது சரியாக அமைவதில்லை. இதை நாங்கள் மூவரும் ஒரு வாரம் தாளில் போட்டுப் பார்த்துத்தான் கண்டுகொண்டோம். நான் வணிகவியல் படித்தவள், பத்து ஆண்டுகள் கணக்கு எழுதி வேலை பார்த்தவள். இந்தக் கேள்வி என் மனத்தில் ஒருமுறைகூட எழுந்ததில்லை.

அளவைகள் கைக்கு வந்ததும் அவள் அடுப்படிக்குப் போனாள். வெள்ளைப் பணியாரத்துக்கு அப்பத்தா சொல்லும் கணக்கு செட்டிநாட்டில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான்: பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே அரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கும்வரை போட வேண்டும். ஒரு நாள் அளக்கும் ஆழாக்கு கைக்குக் கிடைக்காமல், அகன்ற கிண்ணம் ஒன்றில் அதே முறையில் அளந்து போட்டாள். பணியாரம் எண்ணெயைக் குடித்துக்கொண்டு தட்டையாக வந்தது. அப்பத்தா மாவைத் தொட்டுப் பார்த்து உளுந்து கூடிவிட்டது என்றார்கள். அதே முறையில் அளந்தும் எப்படிக் கூடியது? இரண்டு நாள் கிண்ணங்களை மாற்றி மாற்றி அளந்து, வாய் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும் பாத்திரத்தில் அரிசி குறைவாகப் பிடிக்கும், மேலே நிற்கும் கோபுரமோ பெரிதாக இருக்கும் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அன்று நான் பாடநூலைத் திறக்கவே இல்லை.

மழையும் அப்படித்தான். ஐப்பசி மழைக்கு நேர்ச் சுவருள்ள ஒரு டப்பாவை வளவு முற்றத்தில் வைத்து அளவுகோலால் அளந்தோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள எங்கள் முற்றத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தபோது 600 லிட்டர் என்று கணக்கிட்டுப் பெருமையோடு வந்தாள். நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் முற்றத்துக்குள் விழுகிற தண்ணீரை விட்டுவிட்டாயே என்று ஐயா கேட்டதும் முகம் வாடி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

மகனின் கதை வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

மகள் ஐந்து வயதில் எழுத்துக்கூட்டிப் படித்தவள். மகன் ஆறு முடிந்தும் படிக்கவில்லை. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிற இடத்தில் அவன் தடுக்கினான். 'க' தெரியும், 'கொ' என்றால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் கொம்பையும் காலையும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் அட்டையில் எழுதிக் காட்டினேன், மணலில் எழுத வைத்தேன், கெஞ்சினேன், இரண்டு முறை கத்தினேன். ஏழு வயதில் அவன், "எனக்கு வராதும்மா" என்று மெதுவாகச் சொன்னான். அந்தச் சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. எங்கள் வீட்டில் வேறு ஆசிரியர் யாரும் இல்லை.

உறவினர்கள் பேசினார்கள். பிள்ளையார் நோன்பன்று, நூலிழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி உண்ணும் சடங்கான இழை எடுத்துக்கொள்ளக் கூடியிருந்த வீட்டில், ஒரு பெரியவர் அவனைக் கூப்பிட்டு நாள்காட்டியைக் காட்டிப் படிக்கச் சொன்னார். அவன் படிக்காமல் நின்றான். அத்தனை பேர் எதிரில் அவர் என்னிடம், ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வைத்துச் சோதனை செய்யாதே என்றார். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாளும் ஒரு நாளுக்கு ஓர் இழையாக எண்ணி, திரி திரிக்கும் வரை எடுத்து வைத்தவன் அவன். ஒரு நாளும் தவறவிடவில்லை. அதை அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

காத்திருப்பதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை தானாகப் படிக்கும் என்று நம்பிச் சும்மா இருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காரைக்குடியில் கண் மருத்துவரிடம் காட்டினோம். காது கேட்கும் திறனைச் சோதித்தோம். மதுரையில் கற்றல் குறைபாடுகளைக் கண்டறியும் நிபுணர் ஒருவரிடம் மூன்று முறை அழைத்துச் சென்றோம். அவர் பொறுமையாகச் சோதித்துவிட்டு, இப்போதைக்குக் குறைபாடு என்று சொல்லும்படியான அறிகுறி இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டுங்கள், அதுவரை கட்டாயப்படுத்தாமல் நிறைய வாசித்துக் காட்டுங்கள் என்றார். அந்தச் சோதனைகளுக்குப் பிறகுதான் காத்திருக்கும் துணிவு எனக்கு வந்தது. எந்தப் பள்ளியில் படித்தாலும் பிள்ளைக்கு இதைச் செய்ய வேண்டும். வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு, கவனித்துச் சொல்ல வேறு ஆசிரியர் இல்லாததால், இது இரட்டிப்புக் கடமை.

அட்டைகளைக் கட்டி உள்ளே வைத்தேன். இரவில் அப்பத்தா வாசித்தார்கள், பகலில் அக்கா வாசித்தாள். ஒரு முறை கேட்ட கதையை வரி மாறாமல் திருப்பிச் சொன்னான். கையால் செய்வதில் அவனுக்கு அலுப்பே இல்லை. ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போய், தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைக் காட்டினோம். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை அசையாமல் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு கலவையால் மூடுகிறார்கள். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். "கெட்டியாக வேண்டியதை எதுக்குத் தண்ணியில போடுறாங்க?" என்று அவன் கேட்டதற்கு, அங்கே வேலை செய்த அண்ணன் சிரித்துக்கொண்டே, "சிமெண்டு தண்ணி குடிச்சாத்தான்டா தம்பி இறுகும்" என்றார். சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்பதை வீட்டுக்கு வந்து இரண்டு உருண்டை பிடித்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றை வாளித் தண்ணீரிலும் போட்டு, ஒரு வாரம் கழித்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்து அவன் உறுதி செய்துகொண்டான். படிக்கத் தெரியாத பிள்ளை என்று நான் பயந்துகொண்டிருந்த அதே மாதத்தில் நடந்தது இது.

எட்டு வயதை நெருங்கும்போது, ஐயா பெட்டகத்திலிருந்து எடுத்துப் பிரித்த பழைய மொய்க் கணக்கு நோட்டுகளில் அவனுக்கு வழி திறந்தது. எங்கள் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால், ஐம்பது ஆண்டுக் கணக்கிலும் அதே பத்துப் பதினைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அழகப்பன், மெய்யப்பன், பழனியப்பன், வள்ளியப்பன் என்று ஐயா விரலை ஓட்டிப் படிக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று, எல்லாப் பெயரிலும் கடைசியில் "அப்பன்" இருக்கிறது என்றான். எழுத்து எழுத்தாகக் கூட்ட முடியாதவனுக்கு, சொல்லின் ஒரு துண்டு முழு உருவமாகக் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு முத்தையாவிலும் சுப்பையாவிலும் ஐயாவைப் பிடித்தான். வள்ளியம்மையில் அம்மையைப் பிடித்தான். துண்டுகளுக்குள்ளிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. மூன்று மாதத்தில் கடைப் பலகைகளையும் பேருந்துப் பலகைகளையும் படித்தான். எல்லாப் பிள்ளைக்கும் இது வழி என்று சொல்ல வரவில்லை. இது அவனுடைய வழி; மொய் நோட்டில் அது இருக்கும் என்று நான் எந்த அட்டவணையிலும் எழுதியிருக்க முடியாது.

வீடு தர முடியாததையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகள் பூட்டியிருக்கின்றன. கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் திறப்பார்கள், பிறகு மறுபடி பூட்டுவார்கள். மாலையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்து ஊருணிக்கரையில் ஒரு மணி நேரம் விளையாடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த துணை அவ்வளவுதான். ஒன்பது வயதுக்குமேல் மகளுக்கு அது போதவில்லை. அவர்கள் வகுப்பில் நடந்ததைப் பேசிச் சிரிப்பார்கள், இவள் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கணவர் சென்னையில் வேலை பார்த்துவிட்டுப் பல்லவன் ரயிலில் வார இறுதிக்கு வருவார்; நான் பகுதி நேரமாகக் கணக்கு வேலை செய்துகொண்டிருந்தேன்; பெரியவர்கள் இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. அவள் வயதில் அவளோடு சண்டை போட்டுச் சமாதானமாக இந்த வீட்டில் யாரும் இல்லை. போன தைப்பொங்கல் முடிந்ததும், பள்ளிக்குப் போக வேண்டும் என்று அவளே கேட்டாள். எனக்கு முதலில் தோற்றுவிட்டதாகத்தான் இருந்தது. நான் அழுததைக் கணவர் பார்த்தார், அவள் பார்க்கவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழியே வந்த 21-ஏ பிரிவின்படி ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி குழந்தையின் அடிப்படை உரிமை, அதற்கான கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கென்று அதில் தனிப் பதிவுமுறை எதுவும் இல்லை. ஆனால் எங்களுக்கு உதவிய பிரிவு நான்காவது: ஆறு வயதுக்கு மேற்பட்டும் பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அது. வீட்டிலேயே தொடர விரும்பினால், பன்னிரண்டரை வயது நிறைந்ததும் மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கு நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். இவற்றைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை திரும்பிப் போக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் உங்களால் பதற்றமில்லாமல் கற்பிக்க முடியும்.

பள்ளியில் தலைமையாசிரியை பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார், இரண்டு கணக்குக் கொடுத்தார், சேர்த்துக்கொண்டார். முதல் வாரம் அவள் களைத்து வந்தாள். பசித்தாலும் மணி அடிக்கும்வரை இருக்க வேண்டும் என்பது அவளுக்குப் புதிது. ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கிறாள், எழுதும் வேகமும் குறைவு. இரண்டும் என் கவனக் குறைவால் வந்தவை. மூன்றாம் வாரம் ஒரு தோழியின் பெயரைச் சொல்லி, அவளோடு இனிப் பேசப்போவதில்லை என்று அறிவித்தாள். மறுநாள் அதே தோழிக்கு இரண்டு சீப்புச் சீடை கூடுதலாக வேண்டும் என்று டப்பாவை நீட்டினாள்.

தம்பிக்குத்தான் பகல் நீண்டுவிட்டது. அவனும் போக வேண்டுமா என்று கேட்டோம்; அடுத்த ஆண்டு சொல்கிறேன் என்றான். ஐயா அவனுக்கு நீளவாக்கில் மடித்துத் தைத்த ஒரு குறிப்பேடு கொடுத்திருக்கிறார். மழை, முருங்கைக்காய் எத்தனை பறித்தோம், பால்காரருக்கு எவ்வளவு என்று அதில் எழுதுகிறான். நேற்று மாலை திண்ணையில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சைக்கிள் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடி ஒரு வரி எழுதினான்: "மழை இல்லை. அக்கா வன்தாள் 4.40." அவள் புத்தகப்பையை இறக்கி வைத்ததும் குறிப்பேட்டை எட்டிப் பார்த்து, பிழையைத் திருத்தப் பென்சிலைக் கேட்டாள். அவன் கொடுக்கவில்லை. "நான் அளந்தது சரியா, இல்லையா? அதைச் சொல்லு" என்றான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 4.38 என்றாள். இருவரும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே அடுப்படிப் பக்கம் போனார்கள்.